அரை எச்.பி. வியர்வை

மனிதத் தோலுக்குள் சின்ன வெங்காயம் இருக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் நான். நான்கு நாட்கள், கையில் பிரம்போடு நின்று சொன்னேன். அன்று கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஏழாம் வகுப்போடு ஒத்துவராமல் போயிற்று. பிறகு லாரி கிளீனர், சூலூரில் தறி, டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பு (நடுவில் இருபது நாள் ஒரு சாமியாருக்குச் சமையல்). பட்டினியும் கிடந்திருக்கிறேன், அப்போது யார்தான் கிடக்கவில்லை. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை.

சிக்கல் அங்கேதான். என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் சரசாவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. “ஒரே எடத்துல நெலையா நிக்கற வேலை வேணும் மாப்ளே,” என்றார் மாமா. “வார தைக்குள்ள ஆவுலீன்னா வேற எடம் பாத்துபோடுவேன். அப்பறம் கோவிச்சுக்கப்படாது.”

அந்தச் சமயத்தில் கோயமுத்தூரில் ஒரு சுகாதாரக் கண்காட்சி வந்தது. தோல் டாக்டர் ஒருவர், தோலின் உள்ளமைப்பை ஆள் உயரத்துக்குச் செய்து வைக்கக் கைவேலை தெரிந்தவனைத் தேடினார். (எனக்குக் கைவேலை தெரியாது. தெரியும் என்று சொல்லத் தெரியும்.) நன்றாக முடித்தால் தன் ஆஸ்பத்திரியிலேயே நிரந்தர வேலை என்றார். காதில் மேளம் கேட்டது.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். “முடி நல்லாத் தெரியுதுங்க,” என்றேன். அது என் கண் இமை முடி. அவர் எதையோ திருகியதும் ஊதாவும் சிவப்புமாக ஓர் ஊரே விரிந்தது. மேலே செதில் செதிலாகச் செத்த தோல். அதன் கீழே செங்கல் அடுக்கிய மாதிரி உயிருள்ள தோல். அடுத்து நார். அந்த நாருக்குள் சாய்வாக நட்ட முடி, அதன் இடுப்பில் ஓர் எண்ணெய்ப் பை, குளிரில் முடியை நிமிர்த்த ஒரு துளித் தசை. ஆழத்தில் சுருண்டு கிடக்கும் வியர்வைக் குழாய். ஓரமாக, வட்டத்துக்குள் வட்டமாக ஒன்று.

“இது என்னுங்க?”

“அழுத்தத்த உணர்ற நரம்பு முனை. குறுக்க வெட்டின வெங்காயம் மாதிரி இருக்கும்.”

எனக்கு அது போதும். சந்தைக்குப் போய் இரண்டு படி சின்ன வெங்காயம் வாங்கினேன்.

செத்த தோலுக்குச் சோளத் தோகை, நாருக்குத் தேங்காய் நார், முடிக்கு வடக்கயிறு, அடிக் கொழுப்புக்கு மில்லின் கழிவுப் பஞ்சு, வியர்வைக் குழாய்க்கு ரப்பர் ஓஸ். தசைக்கு ஒரு சணல். இழுத்தால் வடக்கயிறு நிமிரும், கூட்டம் கைதட்டும். வியர்வைதான் மானத்தை வாங்கியது. தகர டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது.

“களத்து மேட்டுல ஒரு நாழி நின்னா இதவிட நெம்ப வருமுங்க,” என்றார் ஒருவர்.

“இது நெழல்ல ஒக்காந்து வளந்த தோலுங்க,” என்றார் இன்னொருவர்.

மூன்றாம் நாள் வெங்காயம் அழுகியது. ஓர் அம்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது ஒட்டுவாரொட்டி நோயுங்களா?” என்று கேட்டுவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்துக் கடையில் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை ஒன்று, குடிதண்ணீர் பம்புகளை வைத்திருந்தது. அதன் மேஸ்திரி மாரப்பனுக்கு என் சொட்டு நீரைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“தண்ணின்னா மோட்டார் வைக்கோணும் தம்பி.”

“இது தோலுங்க மேஸ்திரி.”

“தோலா இருந்தா என்னுங்க, கெணறா இருந்தா என்னுங்க? அடியில தண்ணி கெடக்குது, மேல வரோணும். அவ்வளவுதானே?”

மறுக்க எனக்குப் படிப்புப் போதவில்லை. நான்காம் நாள் காலையில் அரை எச்.பி. மோட்டார் ஒன்றைத் தோலுக்குப் பின்னால் பூட்டினார்.

அன்றைக்குத்தான் மாமா, சலவை வேட்டி சட்டையில், சரசாவோடு என் உத்தியோகத்தைப் பார்க்க வந்தார். டாக்டரும் நின்றிருந்தார். நான் தொண்டையைச் செருமி, “இப்போது வியர்வை,” என்று சுவிட்சைப் போட்டேன்.

மேலே நான் விட்டிருந்த துவாரம் ஊசிமுனை அளவு. தண்ணீர் வெளியேற வழியில்லாமல், சுருண்டிருந்த ஓஸ் பாம்பு போலப் புரண்டு நிமிர்ந்தது. கொழுப்பு உப்பியது. நார் பிளந்தது. பீறிட்ட தண்ணீர் நேராக மாமாவின் மார்பில் அடித்தது. பின்னாலேயே நரம்பு முனைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சணல் இழுபட்டு, வடக்கயிறு தானாகவே நிமிர்ந்து நின்றது. தோலுக்கே பயத்தில் புல்லரித்துவிட்டது.

“சுச்சுல கை வைக்காதீங்க, ஈரம்!” என்று மேஸ்திரி கத்தினார். நான் சிலையாக நின்றேன். மாமா என் பிரம்பைப் பிடுங்கி, கம்பத்தில் இருந்த மெயினைத் தட்டிவிட்டார்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்கு நீ வர வேண்டாம்,” என்றார். அத்தோடு என் நிரந்தர வேலை முடிந்தது.

மாமாவின் மீசையில் ஒரு வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிதைந்த தோலைச் சுற்றிப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்க, இது எத்தன எச்.பி.?”

“அரைதானுங்க,” என்றார் மேஸ்திரி.

“அரைக்கே இந்தத் தள்ளு தள்ளுதுங்களா?”

அரைமணி நேரம் இருவரும் பேசினார்கள். என்னை யாரும் சீந்தவில்லை. கடைசியில் மேஸ்திரி என்னைக் காட்டி, “தம்பிக்கு வாயி நல்லா ஓடுதுங்க. ஊரூராப் போயி எங்க பம்பைப் பத்திச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். அனுப்பறீங்களா?” என்றார்.

மாமா முகம் சுருங்கியது. “மறுக்காவும் சுத்தற வேலையா? ஒரே எடத்துல நிக்கோணும்னு சொல்லியிருந்தனே.”

அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த சரசா சொன்னாள்: “ஒரே எடத்துல நின்னுதானுங்கப்பா இத்தனையும் பண்ணுனாரு. சுத்தட்டும் உடுங்க.”

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. முப்பது வருஷம் அந்தப் பம்புகளுக்காகச் சுற்றினேன். இன்றும் வெயிலில் போய்விட்டு வேர்த்து வடிய வீட்டுக்குள் நுழைந்தால் சரசா, “மெயினை அமத்தட்டுங்களா?” என்பாள்.

போன மாதம், டாக்டருக்குப் படிக்கும் பேத்தி போன் செய்தாள். “தாத்தா, இன்னிக்கு மைக்ராஸ்கோப்புல பாத்தேன். நெசமாவே வெங்காயமாட்டத்தானுங்க இருக்குது!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சரசாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“மோட்டாரு தெரியுதான்னு கேளுங்க,” என்றாள்.