மைக்செட் அண்ணன் ஒளித்த சொத்து

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ரகசியம் காக்கவே முடியாத ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு மைக்செட் அண்ணன்தான். சர்ச் திருவிழா, கோயில் கொடை, கல்யாணம் என்று ஆயுள் முழுக்கக் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றதில் காது பாதி போய்விட்டது. அவர் குசுகுசுத்தால் மூன்றாவது வீட்டில் பால் காய்ச்சுகிறவள் திரும்பிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவர் சொத்தை மறைக்கக் கிளம்பினார்.

பூவார் ரிசார்ட் கல்யாணங்களை நம்பிக் கடனில் பெரிய செட் எடுத்தார். கூட்டாளி நடுவழியில் கழன்றுகொண்டான். கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்க, வக்கீல் மூலம் திவால் மனு போட்டார். உள்ளதையெல்லாம் கோர்ட்டில் சொல்லிவிட வேண்டும், ஒளித்தால் ஜெயில் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம் சாக்கு மூட்டையோடு எங்கள் அடுக்களை வாசலில் நின்றார்.

“டீச்சரே, இது எனக்க மொத ஆம்ப்ளிஃபயராக்கும். ரெண்டு குழாயும் உண்டு. ஆருக்கும் தெரியப்படாது, கேட்டியளா?”

எதிரே சர்ச் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சர்ச் பணியாளர் நிமிர்ந்து, “நான் ஒண்ணும் கேக்கல்ல!” என்று பதில் கொடுத்தார்.

“அண்ணே, எனக்கு கவர்மென்ட் வேலை. கேஸ் வந்தா போச்சு” என்றேன்.

“பேடிக்காதீங்க. நான் வாயே தெறக்க மாட்டேன்.”

எனக்குப் பயமே அந்த வாய்தான். ஆனால் மூட்டையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. மூட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் போனது.

சொத்தைப் பொறுப்பெடுக்கக் கோர்ட் அமர்த்திய ரிசீவர் வந்த அன்று நான் மூட்டைக்கு முன்னால் முறத்தையும் சாய்த்து வைத்தேன். தெருவே கூடி நின்றது. ஜெனரேட்டர், லைட், ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் வேனில் ஏறின.

“வேற எங்கயாவது சாதனம் உண்டா?” என்றார் ரிசீவர்.

“இல்ல சாறே.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அண்ணன் மதிலில் சாய்ந்து என்னிடம் ரகசியம் சொன்னார்: “அரிசிப் பானைய அசைக்காதீங்க!”

தெரு முழுக்கக் கேட்டது. சர்ச் பணியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரிசீவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், ஒளிச்சு வச்சவங்க பேரிலயும் கேஸ் வரும். அறியுமா?”

அதுவரை நெஞ்சை நிமிர்த்திப் பொய் சொன்ன மனுஷன், ஓடிவந்து எங்கள் நடுவே நின்றார்.

“சாறே, டீச்சர் வேண்டாம்னுதான் சொன்னாவ. நானாக்கும் கெஞ்சிக் குடுத்தது. என்னைக் கொண்டு போங்க.”

மூட்டையையும் அவரே எடுத்து வந்து அவிழ்த்தார். துருப்பிடித்த இரண்டு குழாயைப் பார்த்து ரிசீவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“இதையா ஒளிச்சீரு? பிழைப்புக்குள்ள கருவின்னு நேரே கேட்டிருந்தா நியமப்படி உமக்கே விட்டிருப்பாங்களே!”

முதல் தடவையாக அண்ணனுக்குச் சத்தம் வரவில்லை.

கோர்ட்டில் நல்ல வசவு கிடைத்தது. பிடிபட்ட இடத்திலேயே ஒத்துக்கொண்டதால் எச்சரித்து விட்டார்கள். பழைய செட் மிஞ்சியது, வீடு போயிற்று. என்னை யாரும் கூப்பிடவில்லை.

அம்பூரியில் வாடகை வீடு பார்த்துப் போகிற அன்று மதிலருகே வந்தார்.

“டீச்சரே, ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராதுல்லா?”

வீடு போன மனுஷன் கேட்டது அது ஒன்றுதான்.

“வராது அண்ணே. சோறு தின்னுட்டுப் போங்க” என்றேன்.

தலை குனிந்தபடி சாப்பிட்டார். மீன்குழம்பு எடுக்கிற சாக்கில் நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.