ஆறு விரல் சுவரொட்டியும் என் ராஜினாமாவும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, என் ரத்த அழுத்தம் மூவரும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே உன் வலது முழங்காலும், அதற்குத் துணையாகக் கூடவே நடக்கும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். "பதினோராம் தேதி எனக்கு மூட்டு ஆபரேஷன். நீ வருவியா, இல்ல உன் கமிட்டிதான் உனக்குப் பெருசா? ஒரே வார்த்தையில சொல்லுடா." அக்கா, பதினாறு வருஷமாக மருத்துவ ஆய்வகப் பணியாளர் சங்கத்தில் குழு குழுவாக உட்கார்ந்து எழுந்தவனிடம் ஒரே வார்த்தையில் பதில் கேட்பது நியாயமா? எங்கள் கூட்டத்தில் தேநீர் குடிக்க எழுந்திருப்பதற்கே ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஆனாலும் உனக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறேன். பத்தாம் தேதி காலையில் வந்து பத்து நாள் உன் பக்கத்திலேயே இருப்பேன். பன்னிரண்டாம் தேதி எங்கள் ஆண்டுக் கூட்டம். அது நடந்தால் நடக்கட்டும். நான்கு குழுக்களிலிருந்தும் ராஜினாமா செய்துவிட்டேன்.

நான் ஒன்றும் ஆசைப்பட்டு இதில் போய் விழவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் சங்கத்தின் கூட்டத்தில் புதுவிதமான ஊசி ஒன்றைச் செய்து காட்டினார்கள். ரத்தம் எடுக்க ஒரு கை வேண்டும் என்றார்கள். என் ரத்தக்குழாய்களைப் பற்றி உனக்கே தெரியும், குழந்தைகூடக் குத்திவிடும். சட்டைக் கையை மடித்து நீட்டினேன். எடுத்து முடித்ததும், தொழில் தெரிந்தவன் செய்வதைப்போலப் பஞ்சை அழுத்திக்கொண்டு கையை நேராக மேலே தூக்கி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மேடையில் இருந்த தலைவி அம்மா, "கல்விக் குழுவுக்கு யாராவது முன்வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். மண்டபம் முழுக்க உயர்ந்திருந்தது என் கை ஒன்றுதான். "அம்மா, இது ரத்தம் நிக்கறதுக்காக..." என்று ஆரம்பித்தேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. ரத்தம் நின்றுவிட்டது, நான் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சுவரொட்டிக் குழுவைத் தலையில் கட்டினார்கள், தர விதிகள் குழு வந்தது, கடைசியில் குழுக்களுக்கு ஆள் பிடிக்கும் குழுவும் வந்து சேர்ந்தது. நான் பார்த்துப் பேசிய அத்தனை பேரும் பிடி கொடுக்காமல் நழுவியதால் என்னையே நான் பிடித்துக் கொடுத்தேன். நான்குக்கும் செயலாளர் நான்தான். ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. பெயரும் தேதியும் இல்லாத ரத்தக் குப்பியை ஆய்வகத்தில் எப்படித் திருப்பி அனுப்புவோமோ, அப்படியே பெயரும் தேதியும் இல்லாத எந்தக் கடிதத்தையும் குழுவில் ஏற்கக் கூடாது என்று விதி போட்டேன். தலைவி அம்மா அனுப்பிய புத்தாண்டு வாழ்த்தையே, தேதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டில் என் பாடு கேட்காதே. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பழக்கதோஷத்தில், "கத்தரிக்காய்க்கு ஆதரவா எத்தனை பேரு?" என்று கேட்டுவிட்டேன். இவள் கரண்டியை வைத்துவிட்டு, "இங்க ஒரே ஓட்டு. அது என்னுது. உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். நல்ல தலைமை. எங்கள் சங்கத்துக்கு இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் பாதிக் கூட்டம் கால்மணியில் முடிந்திருக்கும்.

அந்தச் சுவரொட்டிக் கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. ரத்தம் எடுக்கும்போது சிலர் பயத்தில் கையை இறுக்கி இறுக்கி மூடித் திறப்பார்கள். அப்படிச் செய்தால் பொட்டாசியம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். 'கையை இறுக்காதீர்கள்' என்று ஒரே ஒரு வரி, கீழே ஒரு படம், அவ்வளவுதான் சுவரொட்டி. அதற்குப் பதினான்கு மாதம் ஆனது. படத்தில் கை மூடியிருக்க வேண்டும், அதன்மேல் பெருக்கல் குறி போட வேண்டும் என்றது ஒரு கட்சி. விரிந்த கைதான் சரி என்றது இன்னொரு கட்சி. நடுவில் நான் மண்டையை உடைத்துக்கொண்டு, பாதி விரிந்த கைக்கு இருவரையும் சம்மதிக்க வைத்தேன். ஓவியர் இரண்டு கட்சிப் படங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தார் போலிருக்கிறது. அச்சடித்து எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பிய பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். ஆறு விரல். அன்றிலிருந்து சங்கத்தில் எனக்கு 'ஆறுவிரல்' என்றே பெயர்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பொட்டாசியம் கூடுதல் என்று உன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்களே, அப்போது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், மறுபடி ரத்தம் எடுத்த கதையை நீ எரிச்சலோடு சொன்னாய். "அந்தப் பொண்ணு செவுத்தக் காட்டி, 'அம்மா, கைய இப்படி இறுக்காதீங்க, அந்தப் படத்தப் பாருங்க, லேசா விடுங்க'ன்னா. பாத்தா, ஆறு விரல் வச்ச கை! எந்த மடையன்டா வரைஞ்சான்?" சிரிப்பில் உன் கை தளர்ந்துவிட்டது என்றும், இந்தத் தடவை பொட்டாசியம் சரியாக வந்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாய். அப்புறம், "என்னடா சத்தத்தையே காணோம், லைன் கட்டாயிடுச்சா?" என்றாய்.

லைன் இருந்தது அக்கா. பதினாறு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பிறகு ஏன் ராஜினாமா என்று கேட்பாய். உன் மகள் பட்டம் வாங்கிய அன்று நான் பஞ்சுச் சிக்கனத் துணைக்குழுவில் உட்கார்ந்திருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது. இந்தத் தடவை நீ கண் விழிக்கும்போது நான் எதிரில் இருக்க வேண்டும். அதனால் நீ போன் பேசிய அன்று மாலையே உட்கார்ந்து நான்கு ராஜினாமாக் கடிதங்களையும் எழுதி, செயலாளர் பெயருக்கு அனுப்பிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் புது முழங்கால் நீடூழி நடக்கட்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சங்கத்துத் தபால் வந்தது. செயலாளர் என்ற முறையில் நான்தான் பிரித்தேன். என் ராஜினாமாக் கடிதங்கள் நான்கிலும் தேதி இல்லை. விதி விதிதான், நான்கையும் நிராகரித்து எனக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பயப்படாதே, பத்தாம் தேதி கட்டாயம் வருகிறேன். தலைவி அம்மாவிடம் பேசினேன். பன்னிரண்டாம் தேதி உன் ஆஸ்பத்திரி அறையிலிருந்தே வீடியோவில் கூட்டத்தில் உட்காரலாம் என்றார். அன்றைய முதல் தீர்மானம், ஆறாவது விரலை எடுத்துவிடுவதா வேண்டாமா என்பது. வைத்திருக்க வேண்டும் என்று நான் பேசப்போகிறேன். அந்த விரலால் பலன் உண்டு என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி நீதான், உன் பெயரைச் சிறப்பு அழைப்பாளராகச் சேர்த்துவிட்டேன். படுத்தபடியே இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஒன்று மட்டும் மறக்காதே. அந்த நேரம் பார்த்து உனக்கு ரத்தம் எடுத்திருந்தால், பஞ்சை மடியில் வைத்தே அழுத்திக்கொள். கையை மட்டும் மேலே தூக்கிவிடாதே.