அஞ்சலைக்கு அடித்த பேனர்

பி.ஏ. வரலாறு படித்தவர்கள் கையில் குடும்ப வரலாற்றைக் கொடுக்கவே கூடாது. நான் படித்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில், பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாள் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்தச் சீட்டுப் பெட்டி ஒரே வீட்டில்தான் இருக்கும். அந்த வீடு, முறை வைத்து வரும் ஊர் வேலைக்கு ஒருநாளும் டிமிக்கி கொடுத்திருக்கக் கூடாது. போன வருஷம் பெட்டி வைத்திருந்த பெரியவர் கண் தெரியவில்லை என்று விலகினார். எங்கள் நைனாவுக்குப் பெட்டி மேல் இருபது வருஷக் காதல். (அம்மா மேல்கூட அவ்வளவு இல்லை என்பது அம்மாவின் கருத்து.) போட்டிக்கு நின்றவர் பக்கத்துத் தெரு தேசம்மா அத்தையின் புருஷன்.

"நம்ம வூட்டப் பத்திப் பெருமையா எதனா தேடிக் குடும்மா. படிச்சவதானே?" என்றார் நைனா.

தேடினேன். எங்கே? தேசம்மா அத்தை வீட்டில். (எதிரி வீட்டில் போய் ஆயுதம் இரவல் வாங்கிய முதல் ஆள் நான்.) அத்தையின் தாத்தா எழுதிய பழைய முறை நோட்டு அங்கே இருந்தது. ஒரு பக்கத்தில் 'யுத்த வேலை, வீட்டுக்கு ஒரு ஆள்' என்று தலைப்பு. கீழே வரிசையாக ஆம்பளைப் பெயர்கள். நடுவில் ஒரே ஒரு பொம்பளை: அஞ்சலை. நைனாவுடைய தாத்தாவின் அக்கா!

எனக்குப் புல்லரித்துவிட்டது. அஞ்சலைக்கு மேலே ஏதோ ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால், போனில் படம் எடுத்து அதை மட்டும் கிராப் செய்து தூக்கிவிட்டேன்.

"அத்த, இந்த அஞ்சலை இன்னா வேலைக்குப் போச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (டிகிரி வாங்கியவள் கேட்பாளா?) போன் ஆப்பில் ஒரு முகத்தை உண்டாக்கி, அஞ்சலைக்குக் காக்கிச் சட்டை, பூட்ஸ், துப்பாக்கி எல்லாம் மாட்டினேன். ஆப் தன் பங்குக்கு லிப்ஸ்டிக் போட்டது. பத்தடி பேனர். மூலையில் ஆதாரமாக, கிராப் செய்த நோட்டுப் பக்கம். 'உலகப் போரில் நம் குப்பத்தின் ஒரே வீராங்கனை!'

பெட்டி யாருக்கு என்று முடிவு செய்யும் கூட்டத்தன்று கோயில் வாசலில் பேனரைக் கட்டி, மைக்கைப் பிடித்தேன். "பெண்கள் அடுப்படி தாண்டாத அந்தக் காலத்தில்..." (எங்கள் ஊர்ப் பெண்கள் என்றைக்கு அடுப்படியில் இருந்தார்கள்? அன்றைக்கும் பாதிப்பேர் மீன்கூடையோடு நின்றுதான் கேட்டார்கள்.) நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேசம்மா அத்தை எழுந்தார். கையில் நோட்டு.

"இன்னாடி இது, அஞ்சலைக்கு உதட்டுச் சாயம்? துப்பாக்கி வேற! மூட்டையில மண்ணு ரொப்பித் தலையில சொமந்துச்சுடி அது. மேல அடிச்சிருக்குற பேர ஏன் வுட்டுட்ட? படி."

படித்தேன். மைக் ஆனில் இருந்தது. "மாரி."

நைனாவின் தாத்தா!

"அந்த மாரிதான், வெள்ளக்காரன் ஆள் புடிக்க வந்தன்னிக்கி, கவுத்து வெச்ச படகுக்கு அடியில பூந்துக்கினான். மூணு நாளு வெளிய வரல. அவனுக்குச் சோத்தையும் குடுத்துட்டு, அவன் முறைக்கு அக்காக்காரி போச்சு."

கூட்டம் சிரித்த சிரிப்பு பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். நைனா தலை நிமிரவில்லை. இருபது வருஷக் காதலைப் பத்தடியில் பிரிண்ட் போட்டுக் கெடுத்திருந்தேன்.

"டிமிக்கி குடுத்த வூட்டுக்கு எப்டிப் பெட்டி?" என்றார் அத்தையின் புருஷன்.

அம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"வூட்டுக்கு ஒரு ஆளுன்னுதானே எழுதிக்கீது? ஆம்பளன்னு எங்கனா இருக்கா? எங்க வூட்டு ஆளு போச்சா, இல்லியா?"

அத்தை நோட்டைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். "போச்சுதான்," என்றார். (அந்த நேர்மைக்கு இன்றைக்கும் என் கும்பிடு.)

பெரியவர்கள் குசுகுசுவென்று பேசி முடிவு சொன்னார்கள். பெட்டி எங்கள் வீட்டுக்கு. சாவி அம்மாவுக்கு. "அந்த வூட்டு ஆம்பளைங்கள நம்ப முடியாது." அதுவரை எந்தப் பொம்பளை கையும் அந்தப் பெட்டியில் பட்டதில்லை.

பேனர் வீணாகவில்லை. அஞ்சலையின் பூட்ஸ் மேல் இப்போது நெத்திலி காய்கிறது. நைனா எந்த வேலைக்குச் சோம்பினாலும் அம்மா சாவியை ஆட்டுவாள்: "போறியா, அஞ்சலைய அனுப்பட்டா?"

என் கதை இன்னும் மோசம். போன மாசம் ஆரம்பாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை போட்டோவை நீட்டினார்கள். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டாள்:

"கிராப் பண்ணாத போட்டோ எதனா இருக்குதாங்க?"