நாடா கட்டிய பாலம்

நூலை வெட்டிய பிறகுதான் தலைமைக் கிளார்க் ஜுனைதீன், "இதென்ன டீச்சர், பார்சலா?" என்று கேட்டார்.

வில்லாக வளைந்திருந்த மூங்கில் பிளாச்சு படீரென்று நிமிர்ந்தது. எஞ்சினியர் அற்புதராஜின் பிளேன்டீக் கோப்பை பறந்தது.

"பார்சலா? பாலம்!" என்றாள் நேசராணி. "அந்த நூல்தான் அதை நிக்க வச்சிச்சு."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடமும் அவள் குவார்ட்டர்ஸும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். லயமும் ரோட்டும் இந்தப் பக்கம். மழை பிடித்தால் அறுபது பிள்ளைகளில் ஒன்றுகூட வராது. தேயிலை லொறி போக ரோடு போட்டவர்களுக்குப் பிள்ளைகள் நடக்கப் பாலம் போட நேரமில்லை. மூன்று வருஷமாக மனு எழுதிப் பார்த்தவள், இன்று மாதிரிப் பாலத்தோடு ஏழு மைல் மலையைச் சுற்றி நடந்து, பஸ் பிடித்துப் பதுளை எஞ்சினியர் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"டீச்சர், உங்க மனு விஷயமா..." என்று சட்டையைத் துடைத்தபடி ஆரம்பித்தார் அற்புதராஜ்.

"மூணு வருஷம் மனுவைப் பேச விட்டாச்சு சேர். இப்ப நான் பேசுறேன். மரத்தை நீட்டிப் போட்டாப் போதும்னு சொல்வீங்க. நாப்பது அடிக்கு நடு தொங்கும். தூண் வச்சா வெள்ளம் அடிச்சிட்டுப் போயிரும்."

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"தொங்குபாலமா? கம்பியை இழுத்துக் கட்டக் கரையில பாறை வேணும். எங்க கரை வெறும் சேறு. சும்மா வளைவு கட்டினா ரெண்டு காலும் வெளியே தள்ளிக்கிட்டுப் போகும். எழும்புங்க, காட்டுறேன்."

அந்தக் குரலுக்கு இருவரும் எழுந்துவிட்டார்கள். எதிரெதிரே நிறுத்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துச் சாயச் சொன்னாள். காலையில்தான் சிவப்புத் தரைக்குப் பொலிஷ் போட்டிருந்தார்கள். நான்கு கால்களும் பின்னால் வழுக்கின.

"அல்லாஹ்! விட்டுறாதீங்க சேர்!"

"நானா, நீங்கதான் தள்ளுறீங்க!"

"ரெண்டு பேரும் தள்ளுறீங்க. அதுதான் வளைவு."

"சுவத்துல காலை முட்டுக் குடுக்கட்டா?" என்றார் ஜுனைதீன்.

"எங்க ஆத்தங்கரையில ஏது சுவரு?"

அலுமாரிக் கோப்புகளின் நாடாக்களை உருவினாள். காகிதமெல்லாம் தேத்தண்ணியில் கொட்டியது. நாடாக்களை முறுக்கி, ஒருவர் கணுக்காலிலிருந்து மற்றவர் கணுக்காலுக்கு இழுத்துக் கட்டினாள்.

"இப்ப சாய்ங்க."

நாடா விறைத்தது. கால்கள் அசையவில்லை.

"நிக்குது சேர்!" ஜுனைதீன் தன்னை மறந்து கத்தினார். "கரையை நம்பாமலே நிக்குது!"

"வளைவு வெளியே தள்ளுற அளவுக்கு நாடா உள்ளே இழுக்குது. கரை பாரத்தைச் சுமந்தாப் போதும். அந்த நாடா இருக்கிற மட்டத்துலயே பிள்ளைங்க நடக்கிற பலகை."

"கட்டலாம் டீச்சர், கட்டத்தானே..." என்று மறுபடி ஆரம்பித்தார் அற்புதராஜ்.

"எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் அவிழ்க்க மாட்டேன்."

"கையை எடுத்தா விழுந்துருவோம். எப்படி எழுதுறது?"

பியோன் யாகோப்பு தபால் கட்டோடு உள்ளே வந்தார். சாய்ந்து நின்ற அதிகாரிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"டீச்சர், பாலத்துக்கு அனுமதி வந்திருச்சுன்னு சேர் போன வாரம் உங்களுக்குப் போட்ட கடுதாசி திரும்பி வந்திருக்குங்க. தபால்காரரால ஆத்தைத் தாண்ட முடியலையாம்."