மூணாவது வரிசை, நீலம்

பொய் சொல்வதென்று ஆன பிறகு அரைகுறையாகச் சொல்லக் கூடாது. டிரம்காரர் இதில் கறார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் பழைய சாமான் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அந்தப் பொய்யைத் தயார் செய்தார்.

பொய்க்குக் காரணம் ஒரு ஸ்னேர் டிரம். அடியில் கம்பிச் சுருள் கட்டிய சின்ன டிரம். அடித்தால் ‘டம்’ என்னாது. ‘சடார்’ என்னும். டிரம் வயது விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு திருகைக் காட்டினால் வருஷம் சொல்வார். கம்பெனிப் பேட்ஜின் மூலை வட்டமா கூரா, உட்பக்கப் பூச்சு வெள்ளையா சாம்பலா என்று தெரிந்தால் மாதம்கூடச் சொல்வார். மனைவியின் பிறந்த நாளை மட்டும் கேட்கக் கூடாது.

இது அறுபத்தாறாம் வருஷத்தது. பத்துத் திருகு. வட்ட மூலை. பார்த்ததும் விட மனசில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஏழு. கட்டிலடியில் மூன்று, அலமாரி மேல் மூன்று, குளியலறை வாசலில் ஒன்று. ஏழாவது வந்த அன்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள்.

“இனி ஒரு டிரம் உள்ள வந்தா நான் வெளிய. உங்க அந்தப் பழைய டிரம் கிடைச்சா மட்டும் கொண்டு வாங்க.”

அந்தப் பழைய டிரம்! அவள் வேலை பார்த்த அச்சகத்தின் ஆண்டு விழாவில் அவர் வாசித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தாளம் தப்பாமல் தலையாட்டினாள். மறுநாள் தோல் மாற்றும்போது டிரம்மின் உட்சுவரில் பென்சிலால் அவளைக் குறித்து வைத்தார். பெயர் தெரியாது. அதனால் வரிசையும் உடையின் நிறமும். அடுத்த வருஷம் அவள் அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பிறகு இசைக்குழு கலைந்தது. கோபத்தில், “தூக்கிக் குப்பைல போடு” என்றார். “போட்டாச்சு” என்றாள். ஒரே மாதத்தில் கோபம் போய்விட்டது. டிரம்மும் போயிருந்தது. முப்பத்தொரு வருஷமாக ஞாயிறுதோறும் தேடுகிறார். தகரக் கூரையில் முதல் மழை விழுகிற மாதிரி அதன் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

கடைக்காரரிடம் பென்சில் வாங்கினார். ‘மூணாவது வரிசை’ என்று எழுதினார். நிறம்? மேடை விளக்கு ஞாபகமிருந்தது. கிடார்காரனின் வியர்வை நாற்றம்கூட ஞாபகமிருந்தது. நிறம் மட்டும் வரவில்லை. ‘நீலம்’ என்று எழுதி, விரலால் தேய்த்து மங்கலாக்கினார். நீலம் யாருக்கும் பொருந்தும்.

வீட்டுக்கு வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில், பூ விரிப்பு தரைவரை தொங்கும் வட்ட மேசை. அதன் மேல் காப்பி. மடியில் டிரம்.

“கிடைச்சுருச்சு!”

“எது?”

“நம்ம டிரம். அதேதான். பத்துத் திருகு, எண்ணிக்கோ. அறுபத்தாறு. எவன் வேணா வந்து பார்க்கட்டும்.”

“எவன் எதுக்கு? நீங்க சொன்னா சரி.” சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். முப்பது வருஷம் பிழை திருத்தியவள். அந்தக் கண்ணாடியே அவருக்குப் பிடிக்காது. “அப்ப மத்த ஏழும் எதுக்கு?”

“எதுக்கும் இல்ல. நம்ம டிரம் நம்ம வீட்ல இருக்குன்னா வேற ஒண்ணுகூட இங்க இருக்காது.”

“சத்தியமா?”

“வாசிச்ச கை மேல சத்தியம்.”

மற்ற ஏழையும் அகற்றுவதை நாளை, நாளன்றைக்கு என்று வருஷக்கணக்கில் இழுக்கலாம். அதில் அவர் கெட்டிக்காரர்.

“உள்ள ஏதோ எழுதினீங்களே?”

இதற்குத்தானே காத்திருந்தார்! கீழ்த்தோலை முன்பே கழற்றியிருந்தார். கவிழ்த்துக் காட்டினார். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

“யாருங்க அது?”

“எது?”

“நீலம்.”

“நீதான்.”

“நான் நீலம் போட்டதே இல்ல. எனக்கு ஆகாது. அன்னிக்கு நீலத்துல இருந்தது கணக்கர் பொண்ணு. எட்டு வருஷம் பக்கத்து நாற்காலி. என் சாப்பாட்டுல பாதி அவதான் தின்னா. இப்பத்தானே தெரியுது!”

“ஐயையோ, அவளை நான் பார்க்கவே இல்ல!”

“பார்க்காமத்தான் பென்சில் எடுத்தீங்களா?”

டிரம்காரர் கணக்குப் போட்டார். டிரம் அசல் என்றால், கணக்கர் பெண்ணை மனசில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர். போலி என்றால், இன்று காலை திருட்டு வேலை பார்த்தவர். எந்த அடி லேசு என்று பார்த்தார்.

“காலைல நான்தான் எழுதினேன்.”

“தெரியும். எழுத்து அழுக்குக்கு மேல இருக்கு. பழசுன்னா அழுக்குக்கு அடியில இருக்கணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். கடைக்காரரும் அப்பவே போன் பண்ணிட்டார், உங்க வீட்டுக்காரர் பென்சில் கேக்கறாரேன்னு.”

“சரி, திருப்பிக் குடுத்துட்டு வரேன்.”

“முதல்ல காப்பியைக் கையில எடுங்க.”

எடுத்தார். அவள் வட்ட மேசையின் விரிப்பை உருவினாள். அடியில் மேசையே இல்லை. முக்காலி. அதன் மேல் ஒரு டிரம். தோல் முழுக்க, விரிப்பைத் தாண்டி ஊறிய காப்பி வட்டங்கள்.

“இதுக்கு வருஷம் சொல்லுங்க.”

பழக்கதோஷம். மடியில் இருந்ததைக் கீழே வைத்தார். குனிந்தார். “எட்டுத் திருகு. பேட்ஜ் வெறும் தகரம். எழுபத்திரண்டு. மட்டமான சரக்கு. எந்தப் பைத்தியக்காரன் இதை வாசிச்சான்?”

“கவுத்துப் பாருங்க.”

ஒரு கையால் கவிழ்த்தார். கீழ்த்தோல் கிழிந்து போயிருந்தது. உட்சுவரில், அழுக்குக்கு அடியில், அவர் கையெழுத்து.

‘மூணாவது வரிசை. பச்சை. பேர் கேக்கணும்.’

பச்சை. ஆமாம், பச்சை. மடியில் கைப்பை. அதன் மேல் தாளம் போட்ட இரண்டு விரல். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.  அந்த டிரம்மைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“குப்பைல போட்டேன்னு சொன்னே?”

“போட்டேன். நீங்க தூங்கினதும் போய் எடுத்துட்டு வந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள தேடறேன்னு கிளம்பிட்டீங்க. ஞாயித்துக்கிழமை வீடு அவ்ளோ அமைதியா இருந்துச்சு.”

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“நம்ம டிரம் நம்ம வீட்லதான் இருக்கு. சத்தியம் பண்ணின கை அதுதானே? அஞ்சு மணிக்குக் கடைக்காரர் வண்டி அனுப்பறார். கட்டிலடியில இருந்து ஆரம்பிங்க.”

டிரம்காரர் எழுந்தார். கையில் ஆறிப்போன காப்பி.

“இதை எங்க வைக்கிறது?”

அறுபத்தாறாம் வருஷத்து, பத்துத் திருகு, வட்ட மூலை டிரம்மைத் தூக்கி முக்காலியில் வைத்தாள். மேலே பூ விரிப்பைப் போட்டாள்.

“இங்க.”