சர்வதேசத்தின் முதல் பயனாளி

உலக வறுமையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடவும் தெரிந்தவர் எங்கள் ஊரான குருக்கள்மடத்துச் சர்வதேசம் ஒருவர்தான்.

ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்துக்குப் பல வருடம் வாகனம் ஓட்டியவர் அவர். நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது மற்ற ஊழியர்கள் மேசை கதிரைகளைக் கேட்டு வாங்கினார்கள். இவர் கூட்டங்களில் பெரிய தாள் மாட்டி எழுதும் ஸ்டாண்டையும் ஒரு பெட்டி மார்க்கர் பேனாவையும் கொண்டுவந்து சைக்கிள் கடை போட்டார். எதைப் பேசினாலும் 'சர்வதேசம் என்ன சொல்லுதெண்டால்' என்றுதான் தொடங்குவார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் அறுந்த பிரேக் கம்பியோடு அவர் கடையில் போய் நின்றேன். நான் வாத்தியார், பள்ளிக்கூடத்துக்கு ஏற்கெனவே பிந்திவிட்டது. சர்வதேசம் அவசரமே இல்லாமல் தாளை விரித்து, நடுவில் 'பிரேக் இல்லை' என்று எழுதி, இதன் மூலகாரணங்கள் எவை என்று கேட்டார். மூன்று காரணம் சொன்ன பிறகுதான் கம்பி வெட்டும் குறட்டையே கையில் எடுத்தார். அன்று முதலாம் பாடத்துக்கு நான் போகவில்லை.

எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், அவர் தன் போனை நீட்டி ஓர் ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்லச் சொன்னார். எழுதியிருந்தவர் அவருடைய பழைய மேலதிகாரி, 'மேடம்' என்பதை ஊரார் 'மடம்' ஆக்கி அழைத்த வெள்ளைக்காரப் பெண்மணி. ஓய்வு பெற்றுத் தனியே இருக்கிறாராம். வீட்டைச் சூடாக்கும் செலவு தாங்கவில்லையாம். ஹீட்டரை நிறுத்திவிட்டு இரண்டு சுவெட்டரோடு கட்டிலிலேயே இருக்கிறாராம். வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தார். சர்வதேசம் சிரிக்கவில்லை.

"சேர், இதுக்குப் பேர் வறுமை," என்றார்.

மறுநாள் கடையில் ஒரு புதுப் பலகை தொங்கியது: 'சர்வதேச வறுமை ஒழிப்பு நிதியம், தலைமைச் செயலகம்'. செயலாளர் நான் என்பதை அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

கோயில் ஒலிபெருக்கியில் 'சர்வதேச நிதியக் கூட்டம்' என்று மட்டும் அறிவித்தார். மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லோர் கையிலும் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி. சிலரிடம் கிராம சேவகரின் கடிதமும். நிதி என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஊர்க் கால்கள் தாமாகவே போட்டோக் கொப்பிக் கடைக்குப் போய்விடும். அரை வயிற்றோடு, எதையாவது வாங்கிப் போகலாம் என்று வந்த சனம் அது. அவர்களிடம் கொடுக்கச் சொன்னால் எங்கள் இருவருக்கும் அடி நிச்சயம். நான் வாசலுக்குக் கிட்டிய கதிரையாகப் பார்த்து அமர்ந்தேன்.

சர்வதேசம் கடிதத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார். பிறகு, "இவ்வளவு நாளும் நாம பயனாளி. இண்டைக்கு நாமதான் கொடையாளி," என்றார்.

இடியப்பம் அவித்து விற்கும் பூமணியக்கா எழுந்தார். அவர் வாய் திறந்தால் வயல் நிலமெல்லாம் வைத்திருக்கும் போடியார்களே ஒதுங்கிப் போவார்கள். என் ஒரு கால் அப்போதே வாசலுக்கு வெளியே போய்விட்டது.

"வெள்ளத்துக்குள்ள, இடுப்பளவு தண்ணியில வந்து போர்வை தந்தவ, அந்த மடமா?"

"ஓம்."

"அந்தப் போர்வை இன்னும் எண்ட பெட்டிக்குள்ளதான் கிடக்கு. இந்த வெக்கைக்குள்ள அதை ஆரு போர்த்துற? குளிருதெண்டா அவக்கே அனுப்பி உடுங்க."

மண்டபமே சிரித்தது. விசாரித்தால் வீட்டுக்கு வீடு அதே கதை. அந்தத் தடித்த கம்பளியை இந்த ஊரில் போர்த்தினால் ஆள் அவிந்துபோவான். ஆனாலும் தந்த மனிசி மனம் நோகக்கூடாது என்று, எறியாமல் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார்கள். மாலைக்குள் போர்வைகள் குவிந்து தலைமைச் செயலகத்தில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. ஒன்றைத்தான் அனுப்பக் கட்டும் என்பதால் யாருடைய போர்வையை அனுப்புவது என்று பெரிய சண்டை, பூமணியக்கா வென்றார். தபால் செலவுக்குச் சர்வதேசம் தன் ஸ்டாண்டை டியூஷன் வாத்தியார் ஒருவருக்கு விற்றுவிட்டார். விற்ற அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னார்.

வாரக்கணக்காகப் பதில் இல்லை. சர்வதேசம் யாரிடமும் எந்த மூலகாரணமும் கேட்காமல் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. என்னைக் கண்டால் மட்டும், "அங்க குளிர் கூடிட்டோ, சேர்?" என்று கேட்பார்.

ஒரு காலை படம் வந்தது. கழுத்துவரை போர்வையால் மூடிக்கொண்டு மடம் சிரிக்கிறார். கீழே எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன். வெப்ப நாட்டுக்குக் கம்பளி அனுப்பக் கையெழுத்துப் போட்டவர் அவரேதானாம். அந்த முட்டாள்தனத்தை நினைத்து இத்தனை வருடமும் வெட்கப்பட்டாராம். இப்போது குளிரும் இல்லை, வெட்கமும் இல்லையாம்.

சர்வதேசம் நீண்ட மூச்சு விட்டார். "அப்ப உலகத்தில ஒரு ஆளுக்கு வறுமை குறைஞ்சிட்டு, சேர்," என்றார்.

மிச்சம் எத்தனை கோடிப் பேர் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது என் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியது. அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.