ஒரு கோழி இரைப்பைக்காக ஆலங்கட்டி

புசியா,
வியாழக்கிழமை.

குன்றின் மேல் வீற்றிருந்து நாட்டுக்கெல்லாம் மழை அளக்கும் என் மரியாதைக்குரிய அண்ணன் ஒகோண்டா அவர்களுக்கு, சமவெளியில் வெந்து கிடக்கும் தம்பி அமுகோயா பணிவோடு எழுதுவது. அண்ணி, பிள்ளைகள், மாடுகள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

மழைக்காலத்தில் நீங்கள் குன்றை விட்டு இறங்கக்கூடாது என்பதால் என் மகள் அயூமாவின் கல்யாணத்துக்கு வரவில்லை. நீங்கள் வராததே நல்லது. வந்திருந்தால் உங்கள் தலையிலும் விழுந்திருக்கும். என்ன விழுந்தது என்பதை முறைப்படி சொல்கிறேன். போன மாதம் சம்பந்தி மகோக்கா சைக்கிளில் வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்க வம்சம் மழையவே கட்டி வைக்கிற வம்சமாச்சே. கல்யாணத்தன்னிக்கு மட்டும் வானத்தக் கொஞ்சம் பாத்துக்குங்க சம்பந்தி" என்றார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஐயா, அப்பாவின் பானையும் மூலிகையும் மந்திரமும் மூத்தவருக்குப் போய்விட்டன, நான் முப்பத்தொரு வருஷம் பருத்திக் கிடங்கில் குமாஸ்தாவாக மூட்டைக்கு நம்பர் போட்டவன், எனக்குக் குடை பிடிக்கத்தான் தெரியும் என்று. சொல்லவில்லை அண்ணே. இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் எதையும் இவ்வளவு பயபக்தியோடு கேட்டதில்லை. தாடியைத் தடவிக்கொண்டு "பார்ப்போம்" என்றேன். என் அழிவு அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் எங்களுக்கு விருந்து. முழுக்கோழி சமைத்து என் முன்னால் வைத்தார்கள். கால் இருந்தது, இறக்கை இருந்தது, முதுகு இருந்தது. மரியாதைக்குரியவருக்கென்றே ஒதுக்கிவைக்கும் இரைப்பை மட்டும் இல்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு இரைப்பை இல்லாமல் கோழி வைக்கும் வீட்டை நீங்கள் கண்டதுண்டா? குழம்பில் விரலை விட்டு ஒரு சுற்று தேடினேன். மொத்தக் கூடமும் என் விரலையே பார்த்தது. சம்பந்தியம்மாள் முகம் வெளுத்துப்போய், பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். பரவாயில்லை என்றுதான் சொன்னேன், ஆனால் நான் அதைச் சொன்ன விதத்தில் அவள் நடுங்கிப்போனாளாம், அயூமாவின் அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

சனிக்கிழமை கல்யாணம். தார் உருகுகிற வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தேவாலயத்தில் மோதிரம் மாற்றியதுவரை எல்லாம் சுபம். ஆனாலும் வாக்குக் கொடுத்தவன் சும்மா இருக்கக்கூடாதே என்று மகோக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு உடைந்த பானையை வைத்து, அப்பா எந்த இலையைப் போடுவார் என்று நினைவில்லாமல், கைக்குக் கிடைத்த கொய்யா இலையைப் போட்டுக் கொளுத்தினேன். இருமல்தான் வந்தது. இரண்டு மணிக்கு எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை ப்வீரேயின் பெரியப்பா பேச எழுந்தபோது ஏரிப்பக்கமிருந்து கன்னங்கரேலென்று ஒரு மேகம் கிளம்பியது. முந்நூறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் தொப்பியை எடுத்துவரச் சொல்லி அயூமாவின் அம்மாவைக் கூப்பிடத்தான் தூக்கினேன். தூக்கிய அந்த நொடியில் முதல் கல் பெரியப்பாவின் வழுக்கையில் விழுந்தது.

உங்கள் குன்றுப் பக்கம் ஆலங்கட்டி புதிதல்ல. இங்கே எழுபது வயதுக்காரர்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ கல்லெறிகிறார்கள் என்று மாப்பிள்ளையின் மாமன்மார் கம்பை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினார்கள், அங்கே யாரும் இல்லாததால் இன்னும் பயந்து திரும்பி ஓடிவந்தார்கள், முதலில் அவரைக்கொட்டை அளவு விழுந்தது முட்டை அளவாயிற்று, பந்தல் கிழிந்தது, கேக் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது, பெண்கள் சோளக்களிப் பானையைக் களியோடு தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள், போதகர் மேசைக்கடியில் ஜெபித்தது தகரக் கூரையின் சத்தத்தில் ஆண்டவருக்கே கேட்டிருக்காது. கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து வெயில் அடித்தது. முற்றம் முழுக்க வெள்ளையாக ஆவி பறந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் நான் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல், தூக்கிய கையோடு நின்றிருக்கிறேன். கையை இறக்க மறந்துபோனேன் அண்ணே.

மகோக்கா கிட்டே வந்தார். நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். கத்தவில்லை. "ஒரு இரைப்பைக்காகவா சம்பந்தி?" என்றார்.

நான் கட்டியதை நானே அவிழ்க்கும்வரை மருமகள் அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அவர்கள் பெரியவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். அயூமாவைக் கல்யாண உடையோடு திரும்பக் கூட்டிவந்தேன். ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. கஞ்சியைக் கொண்டுவந்து வைக்கிறாள், திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அவள் அறையிலிருந்து அழுகை கேட்டால்கூடத் தேவலை, அதுவும் இல்லை. எனக்கு ஒரு சக்தியும் கிடையாது என்று ஒத்துக்கொண்டால் நம் வம்சத்தின் பெயர் போகும், நான் பொய்யன் ஆவேன். சக்தி உண்டு என்றால் பெற்ற மகளின் வாழ்வைக் கெடுத்த பாவி ஆவேன். சந்தைக்குப் போனால் மீன்காரிகள் மீனை மூடிவைக்கிறார்கள். எனக்கு வேறு கதி இல்லை. முறையை மீறினாலும் பரவாயில்லை, நீங்கள் இறங்கி வந்து, என் தம்பி ஒரு வெறும் ஆள், அவனால் ஒரு தூறலைக்கூட வரவழைக்கவோ நிறுத்தவோ முடியாது என்று இவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். என் மானம் போனால் போகட்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அந்த ஆசியை இந்தப் பக்கம் இப்போது யாரும் வாங்குவதில்லை என்றாலும்.

இங்ஙனம்,
உங்கள் உதவாக்கரைத் தம்பி,
அமுகோயா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஆள் சத்தம். மகோக்கா, ப்வீரே, நான்கு பெரியவர்கள், தொப்பிகள் கையில். வாழையிலை மூடிய ஒரு பாத்திரத்தை என் காலடியில் வைத்தார்கள். ஊரில் வீட்டுக்கு ஒன்றாகப் பதினேழு கோழி இரைப்பை, பக்குவமாக வறுத்தது. மகோக்கா, என்னைக் கண்டால் உட்கார்ந்தபடியே தலையாட்டும் அதே மகோக்கா, கை கட்டி நின்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அயூமா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இதெல்லாம் நான்தான் ப்வீரேகிட்ட சொல்லி அனுப்புனேன். ஒண்ணும் பேசாதீங்க. சாப்பிட்டுட்டுக் கையத் தூக்குங்க, போதும்" என்று காதில் சொன்னாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான்கு இரைப்பை சாப்பிட்டேன். ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினேன். நல்ல வெயிலில், ஏரிப்பக்கம் இடி இடித்தது. எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள், முதலில் ஓடியவன் நான். பிறகு ஒரு சொட்டும் விழவில்லை, பிள்ளை சிரித்துக்கொண்டே புருஷனின் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம், மேலே எழுதியதை அடுப்பில் போடுங்கள், யாரிடமும் எதுவும் சொல்லவேண்டாம். ஒன்றுக்கு மட்டும் மறைக்காமல் பதில் எழுதுங்கள் அண்ணே. அப்பா எனக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டா போனார்?